மோன் வான்டூ, 13 ஜூலை 1967: டாம் சிம்ப்சனின் கடைசி ஏற்றம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1967ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் மாலை 5.40 மணிக்கு, தெற்கு பிரான்சின் அவின்யோன் நகர மருத்துவமனையில், டாம் சிம்ப்சன் என்ற 29 வயது ஆங்கிலேயச் சைக்கிள் வீரர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அன்று பிற்பகல் அவர், மூன்று வாரம் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் 13ஆம் கட்டத்தில் மோன் வான்டூ மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது, உச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே சரிந்து விழுந்திருந்தார். அவருடைய சட்டையின் பின்பையில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தின் மாத்திரைக் குழல்கள் மூன்று இருந்தன. இரண்டு காலியாகவும் ஒன்று பாதி நிறைந்தும் இருந்தன. அந்த மூன்று குழல்களே பிற்காலத்தில் இந்த மரணத்தின் முழு விளக்கமாக நிலைபெற்றுவிட்டன.

ஊக்கமருந்து அவரைக் கொன்றது என்ற அந்த விளக்கத்தில் பொய் இல்லை. ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் காலத்துத் தொழில்முறைச் சைக்கிள் வீரர்களிடையே ஆம்ஃபெட்டமின் பரவலாகப் புழங்கியது. அதை விழுங்கிவிட்டுச் சமவெளியில் 200 கிலோமீட்டர் ஓட்டி மறுநாளும் ஓட்டியவர்கள் பலர் இருந்தனர். அப்படியிருக்க, ஏன் இந்த மனிதர், ஏன் இந்தச் சாலையில், ஏன் அந்த நேரத்தில் விழுந்தார் என்ற கேள்விக்கு மாத்திரை மட்டும் விடையாகாது. சாலையின் செங்குத்து, அன்றைய வெயில், குடிக்கத் தரப்பட்ட தண்ணீரின் அளவு, மூன்று நாட்களாக அவரை வாட்டிய வயிற்று நோய், வழியில் குடித்த மது, விழுந்தவரை மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்ட முடிவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த விதத்தைப் பார்த்தால்தான் மருந்து செய்த வேலை என்ன என்பதும் சரியாகப் புரியும். இந்த ஆய்வு அந்தச் சேர்க்கையைப் பற்றியது.

மலையும் பாதையும்

மோன் வான்டூ ஆல்ப்ஸ் தொடரின் உள்ளே நெருக்கமாக நிற்கும் சிகரங்களில் ஒன்றன்று. ப்ரோவான்ஸ் சமவெளியில் ஏறக்குறையத் தனியாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை அது. உயரம் 1,900 மீட்டருக்குச் சற்று மேல். டூர் போட்டி வழக்கமாகக் கடக்கும் கலிபியே கணவாய்ச் சாலை 2,500 மீட்டருக்கும் மேலே செல்கிறது என்பதை நினைத்தால், வான்டூவின் பெயரைக் கேட்டு வீரர்கள் அஞ்சுவதற்கு உயரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

காரணம் பாதையில் இருக்கிறது. பெதுவான் என்ற ஊரிலிருந்து உச்சிவரை 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சாலை ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏறுகிறது. முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களின் நடுவே மிதமாக ஏறுவதால், அந்தப் பகுதி ஓட்டுபவரைத் தவறான நம்பிக்கைக்கு ஆளாக்குகிறது. சான்-எஸ்தேவ் என்ற இடத்தில் இடப்புறம் திரும்பும் வளைவுக்குப் பிறகு காடு தொடங்குகிறது. அங்கிருந்து ஷாலே ரெய்னார் என்ற மலைவிடுதிவரை ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல், நூறு மீட்டருக்கு ஒன்பது முதல் பத்து மீட்டர் என்ற கணக்கில், இடையில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு தட்டையான இடம்கூட இல்லாமல் சாலை ஏறிக்கொண்டே போகிறது. ஆல்ப்ஸ் சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகள் வரும்போது ஏற்றம் சில மீட்டர்களுக்குத் தணியும், கால் சற்று ஓயும். இந்தக் காட்டுப் பகுதியில் அத்தகைய வளைவுகள் மிகக் குறைவு.

ஷாலே ரெய்னாரைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடுகின்றன. கடைசி ஆறு கிலோமீட்டர் முழுவதும் உடைந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் குவிந்த வெற்றுச் சரிவு. முற்காலத்தில் கப்பல் கட்டுவதற்கும் பிற தேவைகளுக்கும் இந்த மலையின் மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டப்பட்டன. மேற்பகுதியின் மொட்டைத் தோற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். நண்பகல் வெயிலில் மேலிருந்து வரும் வெப்பத்தோடு, அந்த வெள்ளைக் கற்கள் திருப்பி அனுப்பும் வெப்பமும் சாலையில் செல்பவர்மீது படுகிறது. 1,900 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தசைகளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையத் தொடங்குவதும் நிழல் முற்றிலும் இல்லாமல் போவதும் இந்தச் சாலையில் ஒரே இடத்தில் நேர்கின்றன.

முன்பே கிடைத்த எச்சரிக்கை

டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக வான்டூவைக் கடந்தது 1951இல். நான்கே ஆண்டுகளில், 1955 ஜூலை 18 அன்று, கடும் வெயிலில், பிரெஞ்சு வீரர் ழான் மாலெழாக் உச்சிக்கு வெகு தூரம் கீழேயே நினைவிழந்து சாலையில் விழுந்தார். இவர் 1953ஆம் ஆண்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர், அனுபவமற்றவர் அல்லர். விழுந்த நிலையில் ஒரு கால் பெடலில் மாட்டியிருக்க, மற்றொரு கால் காற்றில் மிதித்துக்கொண்டே இருந்ததாக அக்காட்சியைப் பார்த்தவர்கள் விவரித்தார்கள். போட்டியின் மருத்துவர் பியர் டியூமா அவருடைய பற்களை நெம்பித் திறந்து மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் கால் மணி நேரம் கழித்தே நினைவு திரும்பியது. அதே நாளில், 1950ஆம் ஆண்டு வாகையரான சுவிஸ் வீரர் ஃபெர்டி கூப்ளர் மலையில் தள்ளாடித் தடுமாறிச் சென்று, அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அதன்பிறகு அவர் டூரில் கலந்துகொள்ளவே இல்லை.

இந்த முன்நிகழ்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், 1967இல் நடந்ததன் எல்லாக் கூறுகளும் (அதே மலை, அதே ஜூலை வெயில், மருந்து பற்றிய அதே சந்தேகம், அதே மருத்துவர்) பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வந்துவிட்டிருந்தன. மாலெழாக் பிழைத்துக்கொண்டதால் அது விபத்தாக எடுத்துக்கொள்ளப்பட்டது. டியூமா மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் அவர் ஊக்கமருந்துக்கு எதிராக விடாமல் பேசிவந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க் வீரர் க்னுட் எனெமார்க் ஜென்சன், கொளுத்தும் வெயிலில் நடந்த 100 கிலோமீட்டர் குழுப் போட்டியின்போது சரிந்து விழுந்து இறந்தார். அந்த மரணமும் பெரும்பாலும் மருந்தின் பெயரால்தான் நினைவுகூரப்படுகிறது, வெயிலின் பெயரால் அல்ல. 1965இல் பிரான்ஸ் ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1966இல் டூர் போட்டியின் இடையே போர்தோ நகரில் வீரர்களிடம் சிறுநீர் மாதிரி கேட்கப்பட்டபோது, அவர்கள் மறுநாள் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு கோடையில் சட்டம் ஏட்டில் இருந்தது, மாத்திரை சட்டைப்பையில் இருந்தது.

சிம்ப்சனின் நிலை

சிம்ப்சன் 1937 நவம்பர் 30 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்து, நாட்டிங்ஹாம்ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஹார்வொர்த்தில் வளர்ந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் குழுப் பிரிவில் வெண்கலம் பெற்றார். ஐரோப்பியச் சாலைப் போட்டிகளில் ஆங்கிலேயர்கள் அரிதாக இருந்த காலத்தில், புகழ்பெற்ற ஒருநாள் போட்டிகளில் 1961இல் ஃபிளாண்டர்ஸ், 1964இல் மிலான்–சான் ரெமோ, 1965இல் உலகச் சாலைப் பட்டமும் லொம்பார்டியாவும் என வரிசையாக வென்றார். 1962இல் ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்குத் தரப்படும் டூரின் மஞ்சள் சட்டையை அணிந்த முதல் பிரிட்டானியரும் அவரே. அந்த ஆண்டு ஆறாம் இடத்தில் முடித்தார். ஒருநாள் போட்டிகளில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. மூன்று வாரப் போட்டியின் உயர மலைகளில் அவர் அந்த அளவுக்கு வலுவானவராக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1967ஆம் ஆண்டுப் போட்டி, நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் வணிக அணிகளுக்குப் பதிலாக நாட்டு அணிகளாகப் பிரிந்து நடத்தப்பட்டது. பத்துப் பேர் கொண்ட 13 அணிகள், மொத்தம் 130 வீரர்கள், சுமார் 4,780 கிலோமீட்டர். பிரிட்டன் அணியின் தலைமை சிம்ப்சனிடம் இருந்தது. முப்பதை நெருங்கிய அவருக்குப் பணத்தைப் பற்றிய கவலையும் இருந்தது. டூரில் நல்ல இடம் கிடைத்தால்தான் அதன்பின் ஊர் ஊராக நடக்கும் காட்சிப் போட்டிகளுக்கும் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்கும் நல்ல தொகை பேச முடியும். அவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும் என்று குறித்து வைத்திருந்த கட்டங்களில் வான்டூவும் ஒன்று.

ஆனால் கலிபியேவைக் கடந்த 10ஆம் கட்டத்திலேயே அவருக்கு வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன. திட உணவு இறங்கவில்லை. ஒட்டுமொத்தப் பட்டியலில் ஏழாம் இடத்துக்கு இறங்கினார். 12ஆம் கட்டம் மார்செய் நகரில் முடிந்த அன்று, விலகிவிடும்படி அவருடைய வணிக அணியின் மேலாளர் வேண்டினார். நல்ல முடிவைக் கொடு என்று ஒப்பந்தங்களைக் கவனித்த முகவர் நெருக்கினார். சிம்ப்சன் இரண்டாமவரின் சொல்லுக்கு இணங்கினார். வயிற்றுப்போக்கு மூன்று நாள் நீடித்த உடலில் நீரும் உப்பும் எந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்பதை மருத்துவம் படிக்காதவரும் ஊகிக்க முடியும். அந்த உடலோடுதான் அவர் மறுநாள் காலை 211.5 கிலோமீட்டர் கொண்ட மார்செய்–கார்பான்த்ரா கட்டத்துக்குப் புறப்பட்டார்.

அன்றைய நாள்

அன்று விடியற்காலையில், மணி ஆறரை அளவில், விடுதிக்கு வெளியே நடக்கச் சென்ற டியூமா அப்போதே அடித்த வெப்பத்தை உணர்ந்து, இன்று வீரர்கள் மருந்து எதையாவது எடுத்துக்கொண்டால் ஒரு மரணத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பொருள்பட உடனிருந்த செய்தியாளர்களிடம் கூறினார்.

அன்று மலையில் 54 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்ததாகப் பல நூல்களும் கட்டுரைகளும் எழுதுகின்றன. அது வழியிலிருந்த ஒரு கடையின் வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி காட்டிய அளவு. நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளக்கும் வானிலைக் கணக்கோடு அதை ஒப்பிடக் கூடாது, காற்றின் வெப்பநிலை அந்த அளவுக்கு உயர்ந்திருக்கவும் முடியாது. ஆனால் சாலையில் சென்ற உடல் எதிர்கொண்டது நிழலின் அளவை அல்ல. நேரடி வெயில், தார்ச்சாலையின் சூடு, கற்களின் எதிரொளி எல்லாம் சேர்ந்த ஒன்றை அது எதிர்கொண்டது. அந்த வகையில் 54 என்ற எண் அறிவியல் அளவாகத் தவறாக இருந்தாலும், வீரர்கள் பட்ட துன்பத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சரியாகவே சொல்கிறது.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. அக்கால விதிப்படி ஒரு கட்டத்துக்கு ஒரு வீரருக்கு நான்கு பாட்டில் பானம்தான், ஏறத்தாழ இரண்டு லிட்டர். விருப்பப்படி அணிக் காரிலிருந்து தண்ணீர் வாங்க அனுமதி இல்லை. நிறையத் தண்ணீர் குடிப்பது ஓட்டத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை அன்று வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் வேரூன்றியிருந்தது. தாகம் பொறுக்காத வீரர்கள் வழியிலுள்ள கடைகளுக்குள் கும்பலாகப் புகுந்து, குளிர்பெட்டியில் எது கிடைக்கிறதோ அதை அள்ளிக்கொண்டு வருவது வழக்கமாக இருந்தது. தண்ணீரோ பீரோ ஒயினோ பிராந்தியோ, தேர்ந்தெடுக்க நேரம் இருப்பதில்லை. வான்டூவின் அடிவாரத்தில் சிம்ப்சன் ஒரு கட்டடத்திலிருந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே வெளிவந்ததை அணியின் மெக்கானிக் ஹாரி ஹால் பார்த்தார். அவர் பாட்டிலில் ஊற்றியது பிராந்தி என்று போட்டி நடுவர் ஒருவர் பின்னர் ஹாலிடம் உறுதிப்படுத்தினார். மது சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை வெளியேற்றும். வயிற்று நோயாலும் வியர்வையாலும் ஏற்கெனவே காய்ந்திருந்த உடலுக்கு அது எதிரியாக அமைந்தது.

மலையின் கீழ்ப்பகுதியில் சிம்ப்சன் முன்னணிக் குழுவோடு இருந்தார். காடு முடியும் நேரத்தில் அவர் பின்தங்கினார். முன்னால் ஸ்பெயினின் ஹூலியோ ஹிமெனெஸ் உச்சியை முதலில் கடந்தார். சிம்ப்சன் ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்னால் துரத்திய சிறு குழுவுக்கு நழுவி, அதையும் இழந்து தனியானார். வெற்றுச் சரிவில் அவருடைய சைக்கிள் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து செல்லத் தொடங்கியது.

உடலின் கணக்கு

அந்த வளைவுகளின் பொருளை அறிய ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது சிம்ப்சனிடம் அளக்கப்பட்டதன்று. அவருடைய எடையுள்ள எந்த வீரருக்கும் பொருந்தும் தோராயம்.

சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவர் எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, பெடலில் ஏறக்குறைய 300 வாட் ஆற்றலைச் செலுத்த வேண்டும். மனித உடலின் செயல்திறன் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. எனவே 300 வாட் வேலைக்காக உடல் 1,000 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை உள்ளே உண்டாக்குகிறது. இது ஓர் இஸ்திரிப் பெட்டியைத் தொடர்ந்து எரியவிட்டதற்குச் சமம். இந்த வெப்பம் முழுவதும் வெளியே போகாமல் தங்கிவிட்டால், நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும்.

வெளியேறும் வழிகள் சில உண்டு. காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் நேராகக் காற்றுக்குச் செல்லும். காற்று 40 டிகிரியை நெருங்கும் நாளில் அந்த வழி அடைபடுவதோடு, வெப்பம் எதிர்த்திசையில் உள்ளே வரவும் தொடங்குகிறது. மிஞ்சுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே ஒரு மணி நேர ஏற்றத்தின் வெப்பத்தை நீக்க ஒன்றரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். அந்த வியர்வை ஆவியாகக் காற்றோட்டம் வேண்டும். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவருக்கு அவருடைய வேகமே விசிறியாகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அதே உழைப்பு, அதே உள்வெப்பம், ஆனால் விசிறியின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் காரணத்தினால்தான் மலைச்சாலை சமவெளியைவிட ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். களைப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குளிர்ச்சி குறைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 200 வாட் மட்டும், வெளியேறாமல் தங்குவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் உடல் ஏறத்தாழ மூன்று டிகிரி சூடேறும். கடினமாக உழைக்கும் வீரரின் உள்வெப்பம் இயல்பாகவே 38.5 டிகிரியை ஒட்டி இருக்கும். மூன்றைக் கூட்டினால் 41.5. சான்-எஸ்தேவ் வளைவிலிருந்து உச்சியை நெருங்க ஆகும் நேரம் அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும்.

இனி நீர்க்கணக்கு. அன்றைய கட்டம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. மணிக்கு ஒரு லிட்டர் என்று குறைவாகவே கொண்டாலும் ஆறு லிட்டருக்கு மேல் வியர்வை. விதி தந்தது இரண்டு லிட்டர். நீர் குறையும்போது இரத்தத்தின் அளவு குறைகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப இரத்தம் போதாமல், இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. உயரம் ஆக்சிஜனைக் குறைக்கும்போது அந்தச் சுமை மேலும் ஏறுகிறது.

இயல்பான உடல் இந்த நிலைக்கு வருமுன் தன்னைக் காத்துக்கொள்ளும். உள்வெப்பம் ஏறும்போது மூளை தசைகளின் உழைப்பைத் தானாகக் குறைக்கிறது. கால் கனக்கிறது, மனம் வெறுக்கிறது, ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்கிறார் அல்லது இறங்கிவிடுகிறார். களைப்பு என்று நாம் சபிக்கும் அந்த உணர்வு, உயிரைக் காக்கும் அறிவிப்பு. ஆம்ஃபெட்டமின் தாக்குவது அதைத்தான். அது நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான நோர்அட்ரினலினையும் டோபமினையும் பெருக்கிக் களைப்பின் உணர்வை மறைக்கிறது, தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பம் வெளியேறும் வழியை இன்னும் இறுக்குகிறது, உடலின் வெப்ப உற்பத்தியையும் கூட்டுகிறது. டோபமினைக் கூட்டும் மருந்துகளை வைத்துப் பிற்காலத்தில் வெப்ப அறைகளில் நடத்தப்பட்ட சோதனைகளில், வீரர்களின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய பிறகும் அவர்கள் கூடுதல் சிரமத்தை உணராமல் மிதித்தது பதிவாகியிருக்கிறது. குளிர்ந்த நாளில், தட்டையான சாலையில், நிறையத் தண்ணீர் குடித்த உடலில் இந்த மறைப்பு தப்பிப் பிழைக்கும் தவறாக இருக்கலாம். வான்டூவின் கடைசி ஆறு கிலோமீட்டரில் அதற்கு இடமே இல்லை.

இரண்டு வீழ்ச்சிகளுக்கு இடையே

உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் சிம்ப்சன் முதன்முறை விழுந்தார். அணிக் கார் நின்றது. ஹால் ஓடிச்சென்று, இத்தோடு போதும், உங்கள் டூர் முடிந்தது என்று சொல்லிப் பெடலின் கால்வார்களை அவிழ்க்கத் தொடங்கினார். சிம்ப்சன் தொடர விரும்பினார். டாம் போக விரும்பினால் போகட்டும் என்றார் மேலாளர் அலெக் டெய்லர். கால்வார்கள் அவிழ்ந்திருப்பதைக் கவனித்த சிம்ப்சன், "என் வார்கள், ஹாரி, என் வார்கள்" என்று கூறி இறுக்கச் சொன்னார். அவரைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள். ஹாலின் நினைவில் நின்ற சிம்ப்சனின் கடைசிச் சொல், போ, போ, போ என்பது. ஏறத்தாழ 450 மீட்டர் சென்றதும் அவர் மீண்டும் தள்ளாடினார். பார்வையாளர்கள் தாங்கிப் பிடித்தபோது நினைவு இல்லை. கைகள் ஹேண்டில்பாரைப் பற்றியபடியே இறுகியிருந்ததால் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"என்னை மறுபடி சைக்கிளில் ஏற்றுங்கள்" என்று அவர் முதல் வீழ்ச்சியின்போது கேட்டதாக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் வரியை அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் இல்லாத ஒரு செய்தியாளர் எழுதியது அது. வரி அழகாக இருப்பதால் நிலைத்துவிட்டது. ஆனால் அது ஒரு நோயாளியின் நிலையை ஒரு வீரரின் மன உறுதியாக மாற்றிவிடுகிறது என்பதால் நான் அதை ஏற்க மறுக்கிறேன்.

அந்த முடிவை எடுத்தவர்களைக் குற்றவாளிகளாக்குவது எளிது, அது நியாயமன்று. ஹால் நிறுத்தத்தான் பார்த்தார். டெய்லர் தம் அணித் தலைவரின் விருப்பத்துக்கு மதிப்பளித்தார், அக்காலத்தில் எந்த மேலாளரும் அதையே செய்திருப்பார். ஆனால் இன்றைய மருத்துவ அறிவோடு பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கடும் உழைப்பினால் வரும் வெப்பத்தாக்குக்கு இரண்டு அடையாளங்கள் கூறப்படுகின்றன. உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருத்தல் ஒன்று. மூளையின் செயல் கெடுதல், அதாவது தள்ளாட்டம், குழப்பம், நினைவிழப்பு ஆகியவை மற்றொன்று. இவற்றுக்கு நடுவே சில நிமிடங்கள் நோயாளி தெளிவாகப் பேசுவதும் உண்டு. கால்வாரைக் கவனித்துச் சொன்ன சிம்ப்சனின் தெளிவு அத்தகையதாக இருந்திருக்கலாம். அந்தத் தெளிவு உடன் நின்றவர்களை ஏமாற்றியிருக்கும். தொடர முடியுமா என்று அவரிடமே கேட்பதில் பயன் இல்லாத நிலை அது, ஏனெனில் விடை சொல்லும் உறுப்பே அப்போது பழுதடைந்திருந்தது. சாலையில் வளைந்து வளைந்து சென்ற அவருடைய சைக்கிள் ஏற்கெனவே அந்த விடையைச் சொல்லிவிட்டிருந்தது.

இரண்டாம் முறை விழுந்த பிறகு ஹாலும் போட்டி மருத்துவக் குழுவின் செவிலியரும் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். டியூமா ஆக்சிஜன் கருவியுடன் வந்து இதயத்தைப் பிசைந்தார். சரிந்து ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்துக் காவல்துறை ஹெலிகாப்டர் அவரை அவின்யோனுக்குக் கொண்டுசென்றது. இன்று இத்தகைய நோயாளிக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்தால் முதல் வேலை குளிர்விப்பது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அதற்குப் பிறகுதான். பனிக்கட்டி நீரில் உடலை அமிழ்த்தி, முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 40 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டால் பிழைப்பவர்களே மிகப் பெரும்பாலோர். முதல் வீழ்ச்சியின்போது சிம்ப்சனின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. குளிர்விக்க வேண்டிய நேரம் அதுதான்.

விசாரணையும் அதன்பின்னும்

புதைப்பதற்கான சான்றிதழில் கையெழுத்திட டியூமா மறுத்தார். அதனால் பிரேதப் பரிசோதனை நடந்தது. உடல் சோர்வினால் இதயம் செயலிழந்தது என்பது அதிகாரபூர்வக் காரணம். உடலில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. மருந்து அவருடைய சுய மதிப்பீட்டை மழுக்கித் தம் எல்லையைத் தாண்டிச் செல்ல வைத்தது என்று பிரெஞ்சு அதிகாரிகள் ஆகஸ்ட் 3 அன்று உறுதிப்படுத்தினார்கள். இந்த வாசகத்தைக் கவனமாகப் படித்தால், நஞ்சாக நேரடியாகக் கொன்றது என்று அது சொல்லவில்லை என்பது தெரியும். எல்லை ஏற்கெனவே இருந்தது, மருந்து அதை மறைத்தது என்பதே அதன் பொருள். எல்லையை அவ்வளவு அருகே கொண்டுவந்து வைத்தவை எவை என்ற கேள்வி, பொது விவாதத்தில் மருந்தின் அளவுக்கு இடம்பெறவில்லை.

மறுநாள் போட்டி தொடர்ந்தது. சேத் நகரில் முடிந்த அந்தக் கட்டத்தில், சிம்ப்சனின் அணியைச் சேர்ந்த பாரி ஹோபனை மற்றவர்கள் முன்னே செல்லவிட்டார்கள். ஹார்வொர்த்தில் நடந்த இறுதிச் சடங்கில் அவருடன் ஒரே வணிக அணியில் இருந்த இளம் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் கலந்துகொண்டார். 1968இல் டூர் போட்டி நலவாழ்வின் டூர் என்ற பெயரோடு வித்தெல் என்ற நீரூற்று ஊரிலிருந்து தொடங்கியது. மருந்துச் சோதனை அன்றாட நடைமுறையானது. அதே ஆண்டு ஒலிம்பிக்கிலும் சோதனை வந்தது. சிம்ப்சன் விழுந்த இடத்தருகே கல் நினைவகமும் எழுந்தது. 1970இல் மெர்க்ஸ் அதைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி வணங்கிச் சென்று, உச்சியில் வென்றார். வென்ற கையோடு அவருக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.

சோதனைகள் வேண்டியவை, மிகத் தாமதமாக வந்தவை. ஆனால் அவை சிம்ப்சனின் மரணத்திலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. வெயிலைப் போட்டி நடத்துபவர்களின் பொறுப்பாக விதியில் எழுத அரை நூற்றாண்டு ஆயிற்று. 2016 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசச் சைக்கிள் சம்மேளனத்தின் கடும் வானிலை விதிமுறை, பனி, புயல்காற்று ஆகியவற்றோடு மிகை வெப்பத்தையும் பட்டியலிட்டு, அத்தகைய நாளில் அமைப்பாளர், நடுவர், அணிகள், வீரர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளும் போட்டி மருத்துவரும் கூடிப் பேசி, கட்டத்தைத் தள்ளிவைக்கவோ வழியை மாற்றவோ கைவிடவோ வகை செய்கிறது. 1967 ஜூலை 13 அன்று அப்படியொரு கூட்டத்துக்கு ஏற்பாடு இல்லை. காலை ஆறரை மணிக்கே வெப்பத்தை உணர்ந்த மருத்துவர், தாம் அஞ்சியதைச் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டு, ஆக்சிஜன் கருவியை எடுத்துக்கொண்டு தம் காரில் ஏறினார்.